கவலையும் கவனமும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வாரம் ஒருமுறை கூடிக் கவனப் பயிற்சி, அதாவது மூச்சு, பாதம் என்று இப்போது இருக்கிற ஒன்றுக்கு மனசைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி, செய்கிறோம். டவுன், பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், சேரன்மகாதேவி என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கேள்வி எதுவோ நேரே அதற்குப் போகலாம்.

கவலையே இல்லாமல் இருக்க முடியுமா?

முடியாது. அப்படி யாருக்கும் நாங்கள் வாக்குக் கொடுப்பதும் இல்லை. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வட்டித் தேதி நெருங்குகிறது என்றால் மனசு அதை நினைக்கத்தான் செய்யும். நினைப்பதில் தப்பில்லை. அதே நினைப்பு ஒரு முடிவுக்கும் வராமல் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஆளை உருக்கிவிடும்.

யோசனையா கவலையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பத்து நிமிடம் நினைத்த பிறகு, அடுத்துச் செய்ய ஏதாவது ஒரு காரியம் தெரிந்ததா? தெரிந்திருந்தால் அது யோசனை. "அப்படி ஆயிட்டுன்னா? இப்படி ஆயிட்டுன்னா?" என்று மட்டும் ஓடியிருந்தால் அது கவலை. உடம்பும் காட்டிக்கொடுக்கும். தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கும், பல் கடித்திருக்கும், அடிவயிறு பிசையும். கவலை வந்திருக்கிறது என்பதை மனசுக்கு முன்னால் உடம்பில் கண்டுபிடிக்கிறவர்கள் பலர்.

"அதையே நினைக்காதே" என்று வீட்டில் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லையே?

யாராலும் முடியாது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் இதைச் சோதித்துக் காட்டினார். மாணவர்களை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றை நினைக்கக் கூடாது என்றால், நினைக்கிறோமா என்று மனசு அதையே வேவு பார்க்கத் தொடங்கிவிடும்.

அதனால் கவலையை விரட்டும் வேலையை நாங்கள் செய்வதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கவனத்தை மட்டும் வேறு இடத்துக்கு, அதாவது உள்ளங்கால், மூச்சு, கையில் இருக்கும் பாத்திரம் என்று இப்போது உண்மையாகவே இருக்கிற ஒன்றுக்குக் கொண்டுவருகிறோம்.

கவனப் பயிற்சி எங்கிருந்து வந்தது? சும்மா நாகரிகப் பேச்சா?

மூச்சைக் கவனிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புத்தர் சொன்ன பயிற்சிகளில் அது உண்டு. நம் சித்தர் மரபும் மூச்சை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்குள் அது முறையாக வந்தது 1979இல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு ஒரு பயிற்சியாக இதை அமைத்தார். பின்னால் அது எட்டு வாரப் பயிற்சியாக நிலைத்தது.

மருந்தோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு இந்த எட்டு வாரப் பயிற்சியும் மறுபாதிக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டு வாரம் முடிந்தபோது இரண்டு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. இதைக் கேட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பயிற்சிக்காரர்கள் வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போய், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் செய்தவர்கள். நாம் செய்வது அதில் சிறு பங்கு. அதற்குத் தக்க பலனைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

நான் வேதக்காரர் (கிறிஸ்தவர்). என் தோழி துலுக்க வீட்டுப் பெண். நாங்கள் வரலாமா?

தாராளமாக வாருங்கள். மந்திரம், படம், விளக்கு எதுவும் கிடையாது. கூட்டத்தில் தொழுகைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஜெபமாலையோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவரவர் பிரார்த்தனை அவரவருக்கு. நாங்கள் கேட்பதெல்லாம் உங்கள் கவனத்தை மட்டும்தான்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நாற்காலி, திண்ணை, வாசப்படி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சம்மணம் போட முடியாதவர்கள் போட வேண்டியதில்லை. பாதம் இரண்டும் தரையில் பட்டிருக்கட்டும். கண்ணை மூடுவது பிடிக்காவிட்டால் எதிரே நாலடி தூரத்தில் தரையைப் பாருங்கள்.

முதலில் பாதம். தரை குளிர்ச்சியா, வெதுவெதுப்பா? குதிகால் அழுந்துகிறதா, விரல் அழுந்துகிறதா? அப்புறம் மூச்சு. அதை நீட்டவோ அடக்கவோ வேண்டாம். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் மனசு ஓடிவிடும். கேஸ் தீர்ந்துபோயிருக்குமோ, அவன் ஏன் போன் பண்ணலை என்று எங்காவது போயிருக்கும். போனது தெரிந்ததும் "கவலை" என்று மனசுக்குள் ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப மூச்சுக்கு வாருங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் திரும்பி வரும் இடம்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடி, முப்பது தடவை திரும்பியிருந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

உட்காரப் பிடிக்காதவர்களுக்கு நம் ஊரில் தாமிரபரணி இருக்கிறது. தண்ணீர் அடங்கி ஓடும் நாளில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய், கடைசிப் படியில் கணுக்கால் நனைய நில்லுங்கள். தண்ணீர் கணுக்காலை ஒரு பக்கமிருந்து தள்ளும். அந்தப் பக்கம் சில்லென்று இருக்கும், மறுபக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். படிக்கல்லில் பாசி வழுக்கும் இடமும் சொரசொரப்பான இடமும் பாதத்துக்குத் தனித்தனியாகத் தெரியும். அசையாமல் நின்றால் மீன்குஞ்சு வந்து விரலிடுக்கில் கொத்தும். இவ்வளவையும் உணர்ந்துகொண்டிருக்கும்போது வட்டிக் கணக்கு மறந்துபோகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பின் இறுக்கம் கொஞ்சம் விடும். குளிக்கப் போகிற நாளெல்லாம் இதைச் செய்யலாம்.

நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறேன். எனக்கு உட்கார்ந்து மூச்சைப் பார்க்க ஏது நேரம்?

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமிருந்து வரும் பெண்கள் எல்லாருமே கேட்பது இது. எங்கள் கூட்டத்தில் நான் அதிகம் யோசித்ததும் இந்தக் கேள்வியைத்தான்.

பீடி சுற்றும் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நனைத்து வைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் நறுக்கி, மடியில் சுளகை வைத்து, ஓர் இலையை எடுத்து, தூளை ஒரு விரல் அளவுக்குப் பரப்பி, இரண்டு கைப் பெருவிரலாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிச்சிட்டுப் போட்டால் ஒரு பீடி. பழகிய கைக்குக் கண்ணே தேவையில்லை. அங்கேதான் சங்கடம். கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும், மனசு தன்பாட்டுக்குக் கவலைப்படும். மூத்தவளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை, குழுக் கடன் அம்மா நாளைக்கு வந்து நிற்பாள், கடையில் இன்றைக்கு எத்தனை பீடியைக் கழிப்பார்களோ என்று ஆயிரம் பீடிக்கும் அதே நினைப்பு. ஹார்வர்டில் இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் அன்றாட வேலைக்கு நடுவே போன் மூலம் கேட்டுப் பார்த்து 2010இல் எழுதினார்கள். கேட்ட நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம், மனசு செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரத்தில் அவர்களுடைய சந்தோஷமும் குறைவாகவே இருந்தது.

ஒரு கட்டுக்கு 25 பீடி. ஒவ்வொரு கட்டு முடியும்போதும் கையை நிறுத்தி, தோளை ஒருமுறை மேலே தூக்கி இறக்குங்கள். அடுத்த கட்டின் முதல் பீடியை மட்டும் முழுக் கவனத்தோடு சுற்றுங்கள். இலையின் ஈரம், நரம்பு ஓடும் பக்கம், உருட்டும்போது விரலில் வரும் அழுத்தம், நூல் இறுகும் அந்த நொடி. மீதி 24 பீடிக்கும் மனசு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். கட்டு முடிந்ததும் திரும்ப ஒன்று. நேரம் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையும் குறையாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சுளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆழ மூச்சு இழுக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். புகையிலைத் தூள் நெஞ்சுக்குள் போகும். மூச்சுப் பயிற்சியைக் கை கழுவி, வாசலில் காற்றாட வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சுளகு மடியில் இருக்கும்போது விரலும் தோளும் போதும்.

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. மூச்சுப் பயிற்சியால் நிற்குமா?

முதல் தடவை வந்தால், அல்லது வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், பயிற்சி எதுவும் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயத்தைப் பார்த்தாக வேண்டும். தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிறவர்களுக்கும் வரும்.

எல்லாம் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, பதற்றம்தான்" என்று டாக்டர் சொன்ன பிறகு இதைச் செய்யலாம். மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளியே விடும் மூச்சு நீளும்போது, இதயத்தை மெதுவாக்கும் நரம்பின் வேலை கூடுகிறது. அதனால்தான் விடும் மூச்சை நீட்டச் சொல்கிறோம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, அப்புறம் விடியும் வரை யோசனைதான். என்ன செய்ய?

பகலில் கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 1983இல் சோதித்த முறை இது: தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. சாயங்காலம் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து செய்யக் கூடாது. ஒரு நோட்டில் கவலையை எல்லாம் எழுதி, எதில் நம் கைக்கு வேலை இருக்கிறதோ அதன் எதிரே ஒரு வரியில் அந்த வேலையை எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால் "ஐந்தரைக்கு வா" என்று தள்ளிப் போடுங்கள். இரண்டு மணிக்கு வந்தாலும் அதே பதில்தான்.

அப்படியும் இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள். கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுக்கலாம்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு, மழை வலுத்தாலே கை நடுங்குகிறது. இது கோழைத்தனமா?

இல்லவே இல்லை. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தச் சீமை பார்த்தது சாதாரண மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கம் தண்ணீர் ஏறியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்தவர்களின் உடம்பு அதை அவ்வளவு லேசில் மறக்காது. ஓட்டில் மழைச் சத்தம் கேட்டதும் உடம்பு முந்திக்கொள்கிறது. உங்களைக் காப்பாற்றத்தான் அது அப்படிச் செய்கிறது.

மழை வலுக்கும்போது இந்தப் பயிற்சியைக் கண்ணைத் திறந்து வைத்தே செய்யுங்கள். வாசலில் நின்று, இப்போது என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஓடையில தண்ணி வாசப்படிக்கு ரெண்டு படி கீழ போவுது. கரண்ட் இருக்கு. அம்மா அடுப்படில இருக்கா. எதிர்வீட்டுல டிவி ஓடுது." கண்ணில் படும் ஐந்து பொருளுக்குப் பெயர் சொல்லுங்கள். கதவு நிலையைக் கையால் பிடித்து மரத்தின் கெட்டியை உணருங்கள். அன்றைய தண்ணீர் வேறு, இன்றைய தண்ணீர் வேறு என்பதை நாம் வாதம் செய்து உடம்புக்குப் புரிய வைக்க முடியாது. கண்ணாலும் கையாலும்தான் காட்ட வேண்டும். ஒருவேளை தண்ணீர் உண்மையாகவே ஏறுகிறது என்றால், பயிற்சியை விட்டுவிட்டு மேட்டுக்குப் போக வேண்டும். அதுவும் கவனம்தான்.

இதோடு, கவலைக்கு வேலை கொடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வையுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், குடிதண்ணீர் எடுத்து வையுங்கள். யார் வீட்டு மாடிக்குப் போவது, ஆட்டையும் மாட்டையும் எங்கே மாற்றிக் கட்டுவது, நடக்க முடியாத ஆச்சியை யார் தூக்குவது என்று தெருவில் பேசி வையுங்கள். இது முடிந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு வெள்ள வீடியோவையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கலெக்டர் அலுவலக அறிவிப்பையும் வானிலை மையத்தையும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் கூடப் பார்க்கலாம்.

அந்த ராத்திரி கனவில் வந்துகொண்டே இருந்தால், மழை மாதம் போன பிறகும் நடுக்கம் விடாவிட்டால், தனியாகப் பயிற்சி செய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதற்கென்று சிகிச்சை இருக்கிறது.

அணை நீர்மட்டம் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. விவசாயி கவலைப்படாமல் இருக்க முடியுமா?

அண்ணாச்சி, பாபநாசம் அணை நிறைய 143 அடி, மணிமுத்தாறு நிறைய 118 அடி என்பது உங்களுக்கு வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடம். கார் நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசான நெல் கரையேறுமா என்று பார்க்கத்தான் வேண்டும். காலையில் ஒருமுறை பாருங்கள். அன்றைக்கு அந்த எண்ணை வைத்துச் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று முடிவெடுத்துவிடுங்கள். நாற்றங்காலைத் தள்ளிப் போடுவதா, வரப்பு வெட்டுவதா, உளுந்துக்கு மாறுவதா என்று எதுவானாலும் சரி. அதற்கு மேல் நீங்கள் பார்ப்பதால் பொதிகை மலையில் ஒரு சொட்டு கூட விழப்போவதில்லை. வயலுக்கு நடக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை.

"நல்லதே நினை, நல்லதே நடக்கும்" என்கிறார்களே, அதுதான் உங்கள் கூட்டத்தில் வைக்கச் சொல்லும் எண்ணமா?

எண்ணம் வைப்பது என்று நாங்கள் சொல்வது, ஒன்றை மனசுக்குள் சொல்லி வைத்துக்கொள்வதை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடக்கப்போவதைப் பற்றி எண்ணம் வைத்தால் கவலை இன்னும் கூடும். நான் என்ன செய்வேன், எப்படி இருப்பேன் என்பதைப் பற்றி எண்ணம் வைத்தால் கவலை குறையும்.

"என் மகன் பாஸாகிவிடுவான்" என்று தினமும் நூறு தடவை சொன்னாலும், அது உங்கள் கையில் இல்லாத காரியம். சொல்லி முடித்ததும் "ஆகலேன்னா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை அடக்க இன்னும் நூறு தடவை சொல்ல வேண்டும். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். வேலை கிடைத்துவிட்ட மாதிரி இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருந்தவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள், அவர்களுக்குக் குறைவாகவே வேலை அழைப்பு வந்திருந்தது. கற்பனையிலேயே பாதி திருப்தி வந்துவிடுகிறது. வழியில் இருக்கும் தடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார் அவர்.

தடையை முன்கூட்டியே பார்த்து, "இது வந்தால் இதைச் செய்வேன்" என்று முடிவு கட்டி வைப்பதற்கு நல்ல பலன் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். 94 சோதனைகளைத் திரட்டி 2006இல் அவரும் இன்னொருவரும் பார்த்தபோது, இப்படி முடிவு கட்டி வைத்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது தெளிவாகவே கூடியிருந்தது.

எங்கள் கூட்டத்தில் கேட்ட எண்ணங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். "துபாயிலேர்ந்து மகன் போன் எடுக்கலேன்னா, மூணு மூச்சு விட்டுட்டு ஒரே ஒரு மெசேஜ் போட்டுட்டுச் சட்டி கழுவப் போவேன்." "மாமியார் சத்தம் போட்டா, பதில் சொல்லுததுக்கு முன்னாடி கால் தரையில இருக்கான்னு பாப்பேன்." "பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது நாளைக்கு நடக்கப்போறத ஓட்டிப் பாக்க ஆரம்பிச்சேன்னா, எதிர்க்கடைப் போர்டை எழுத்தெழுத்தா வாசிப்பேன்." எல்லாமே சின்னது, அவரவர் கைக்குள் இருப்பது, எப்போது செய்வது என்பது அதிலேயே இருக்கிறது.

சாமியிடம் கேட்பதை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நெல்லையப்பர் சன்னதியில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறீர்கள். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று மனம் உருகிக் கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுப் பிரகாரம் சுற்றி வரும்போது உங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு அவகிட்ட கல்யாணப் பேச்சு எடுக்காம, சாப்டியான்னு மட்டும் கேப்பேன்." இந்த ஒன்றால் அந்த வீட்டில் இரண்டு பேருடைய கவலை குறையும்.

கடன் கழுத்தை நெரிக்கிறது. கவனித்தால் கடன் தீருமா?

தீராது. யாராவது தீரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். பணக் கஷ்டத்தை மனசுக் கோளாறாக மாற்றிச் சொல்வது பெரிய அநியாயம். எத்தனை கடன், யாரிடம், என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுத உட்காரும்போது கை பின்வாங்குமே, அந்த நேரத்துக்குத்தான் கவனம் உதவும். பயத்தில் பார்க்காமலே விட்ட கணக்குத்தான் ஆளை அதிகம் பயமுறுத்துகிறது. ஐந்து நிமிடம் பாதத்தைக் கவனித்துவிட்டு எழுதுங்கள், எழுதியதை நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். வட்டி கேட்டு மிரட்டினால், இரவில் வந்து அவமானப்படுத்தினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

பிள்ளை நீட்டுக்குப் படிக்கிறான். அவனை எப்படிப் பழக்குவது?

முதலில் நீங்கள் பழகுங்கள். மார்க் பற்றிய உங்கள் கவலை அவன் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவனுக்கு: மாதிரித் தேர்வில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் புரட்டாமல், ஒரு நீண்ட மூச்சு விட்டு, பேனாவைப் பிடித்த விரலை ஒரு நொடி உணரச் சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். இவ்வளவு போதும். வேறு வகுப்பு எதிலும் சேர்க்க வேண்டாம், ஏற்கெனவே வகுப்பு அதிகம்.

பயிற்சிக்கு உட்கார்ந்தால் கவலை இன்னும் கூடுகிறதே?

சிலருக்கு அப்படி ஆகும். இவ்வளவு நாளும் ஓடிக்கொண்டே இருந்ததால் கேட்காத சத்தம், உட்கார்ந்ததும் கேட்கிறது. நேரத்தைக் குறையுங்கள், கண்ணைத் திறங்கள், மூச்சை விட்டுவிட்டுப் பாதத்துக்கோ கைக்கோ போங்கள், இல்லை நடந்துகொண்டே செய்யுங்கள். பழைய அடி, விபத்து, சாவு மனசில் ஓடி நடுக்கம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்திக்கொண்டு செய்வதில் ஒரு நன்மையும் இல்லை.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஆளுக்கு ஆள் மாறும். எட்டு வாரம் தினமும் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் தொடருங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கட்டுக்கடங்காத கவலை பெரும்பாலான நாட்களில் இருந்து, ஆறு மாதமாக நீடித்தால் அதை நோயாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வேலைக்குப் போக முடியாமல் ஆனாலே போகலாம். ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் கேட்கலாம். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பு வந்தால் அடுத்த கூட்டம் வரை பொறுக்காதீர்கள். அப்போதே ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயிற்சியால் நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்தக் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் நடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஓயாமல் கவலைப்படுகிறார், எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?

"கவலைப்படாதீங்க" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்கு "நான் சொல்வதை இவள் கேட்கவில்லை" என்றுதான் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சும்மா கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது யோசனை சொல்லணுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டால் போதும் என்பார். பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டபின் இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு.

ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்துவிட்டால் முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விட்டால் ஓபி சீட்டுக்கு வரிசை குறைவாக இருக்கும்.